டின் பெலிக்கன்ஸின் புது டேப்

வயல்லா
9 ஜூலை 1998

மெர்ல் அக்காவுக்கு உன் ஒரே தம்பி நெவ் எழுதிக்கிறது. நான் நல்லாருக்கேன். டீசலும் நல்லாருக்கான். நேத்து பக்கத்து வீட்டு மிர்ஜானாவோட செருப்பைத் தின்னான், அது இன்னைக்கு ஜீரணமும் ஆயிடுச்சு, நாய்னா அது நாய். உன் முட்டி எப்படி இருக்கு? லான்செஸ்டன் ஜூலைக் குளிர் உன்னை இன்னும் மடிச்சுப் பெட்டியில வைக்கலையே?

போன் அடிச்சா நான் எடுக்கறதில்லைன்னு கோவமா இருப்ப. போன் நல்லாத்தான் இருக்கு. காதுதான் சரியில்ல. கப்பல் பட்டறையில அத்தனை வருஷம் இரும்பைத் தட்டினதும், சாயந்திரமானா ஸ்பீக்கர் முன்னாடி போய் நின்னதும் சேர்ந்து வேலையைக் காட்டிடுச்சு. இடது காது போன வருஷமே போச்சு. வலது காது கிளம்புறதுக்குத் தொப்பியை மாட்டிக்கிட்டு நிக்குது. காது டாக்டர் சின்னப் பொண்ணு. "கொஞ்சம் சத்தமாப் பேசும்மா"ன்னேன். அவ போட்ட சத்தத்துல வெளியில காத்திருந்தவங்க எல்லாருக்கும் என் வியாதி தெரிஞ்சுபோச்சு. "வர்ற கோடை முடியறதுக்குள்ள முழுசாப் போயிடலாம் மிஸ்டர் ஹாலம்!"னா. ஒரு அம்மா என்னைப் பாத்து உச்சுக் கொட்டுச்சு.

எனக்கு எதுக்குப் பயம்னு கேளு. டின் பெலிக்கன்ஸ் புது ஆல்பம் போடுறாங்க. பதினாறு வருஷம் கழிச்சு! ஆமா, அதே பேண்டுதான். 'சத்தத்தைக் குறைங்கடா'ன்னு சண்டை போடப் போன நான் பப் மூடுற வரைக்கும் வீடு திரும்பலைன்னு இன்னும் சொல்லிக்காட்டுறியே, அதே ஆளுங்க. செப்டம்பர்ல வருதாம். வந்துட்டா காதை முந்திடலாம். ஒரே தடவை, முதல் பாட்டுலேருந்து கடைசி வரைக்கும் கேட்டாப் போதும். அப்புறம் காது எங்க வேணா போகட்டும்.

நீ ஜெபம் பண்ணு. இத்தனை வருஷமா ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஓசியில ஆர்கன் வாசிக்கிற, மேல உனக்குன்னு ஒரு செல்வாக்கு இருக்கும்ல.

முட்டிக்குத் தைலம் போடு.
நெவ்

---

லான்செஸ்டன்
22 ஜூலை 1998

அன்புத் தம்பி நெவ்,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். முட்டி என்னைவிட முன்னால் எழுந்து மழை வருமா என்று சொல்லிவிடுகிறது. உனக்கும் டீசலுக்கும் உடம்பு சௌகரியமாக இருக்க வேண்டும்.

காது விஷயத்தை நாய்க்கும் செருப்புக்கும் அடியில் ஒளித்து எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் உடைந்த கோப்பையைத் தலையணைக்கு அடியில் வைத்தது போல. கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

பெலிக்கன்களுக்காக நான் ஜெபிக்க மாட்டேன். அவர்கள் செய்வது இசையல்ல, தகரக் கொட்டகையை இடிக்கும் வேலை. உன் காதுக்காக ஜெபிக்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்று நீ சொல்வாய். அது ஆண்டவர் பாடு.

இனி போன் செய்ய மாட்டேன். கடிதம் எழுதுகிறேன். நீயும் எழுத வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்ப மாட்டேன், பயப்படாதே.

கதகதப்பாக இரு.
மெர்ல்

---

வயல்லா
30 நவம்பர் 1998

அக்காவுக்கு,

உன் மூணு கடுதாசியும் வந்துச்சு. பதில் போடாதது என் தப்பு. உன் முட்டியை விசாரிச்சதாச் சொல்லு.

செப்டம்பர்னாங்க. அப்புறம் நவம்பர்னாங்க. வாரா வாரம் கேசட் கடைக்குப் போய் நின்னேன். கடைக்காரி ஷெரில் என்னைப் பாத்ததும் கையை ஆட்டுவா, இல்ல இல்லன்னு. போன வாரம் பேப்பர்ல எழுதிக் குடுத்தா. "பிப்ரவரி." நான் சொன்னேன், "ஏம்மா, அவனுங்களுக்கு பிப்ரவரி வரும், எனக்கு வருமா?" அவ என்னமோ சொன்னா. வாய் அசைஞ்சது. சிரிச்சு வச்சேன். இப்பல்லாம் அதான் செய்யறேன், யார் பேசினாலும் சிரிச்சு வைக்கறது. ஊர்ல எனக்கு இவ்வளவு நல்ல பேர் எப்பவும் இருந்ததில்ல.

காது மிஷின் குடுத்தாங்க. அதை மாட்டிக்கிட்டுப் பழைய டேப்பைப் போட்டேன். மீன் பொரியற சத்தம். பெலிக்கன்ஸ் பாடற மாதிரியே இல்ல, யாரோ பெலிக்கனைப் பொரிக்கிற மாதிரி இருந்துச்சு.

இன்னைக்குக் காலையில கெட்டில் விசிலடிக்கல. கெட்டுப்போச்சுன்னு நினைச்சு உதறிப் பாக்கப் போனேன், ஆவி கையைச் சுட்டுடுச்சு. நல்லாத்தான் கொதிச்சுக்கிட்டிருக்கு. திரும்பிப் பாத்தா டீசல் வாசலைப் பாத்து வாயைத் திறந்து திறந்து மூடறான். அவன் குரைக்கிறான் அக்கா. பக்கத்துலயே நிக்கறேன்.

வேற விசேஷம் இல்ல.
நெவ்

---

லான்செஸ்டன்
19 ஜனவரி 1999

அன்பு நெவ்,

நான் சுகம் என்று எழுதினால் பொய். கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லி எழுதினேன். கேக் அனுப்பினேன். புது வருடத்துக்கும் எழுதினேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

வேறு வழியில்லாமல் மிர்ஜானாவுக்கு எழுதிக் கேட்டேன். வெள்ளிக்கிழமை அவள் கார்டு வந்தது. அப்படியே தருகிறேன்: "கவலைப்படாதீங்க அக்கா, நெவ் நல்லாருக்காரு. வீட்டை ரொம்ப சுத்தமா வச்சிருக்காரு. டூல்ஸ் எல்லாம் பழைய பட்டறைக்காரங்களுக்குக் குடுத்துட்டாரு, எனக்கு நாற்காலி குடுத்தாரு. டீசலையும் என்கிட்டயே விட்டுட்டாரு, 'இனிமே உன் நாய்'னு சொல்லிட்டாரு. தங்கமான மனுஷன்."

நீ தங்கமான மனுஷன் இல்லை, நெவ். அறுபத்தாறு வருடமாக உன்னை எனக்குத் தெரியும். நீ வீட்டைச் சுத்தம் செய்கிறவனும் இல்லை. யாருக்காகச் சுத்தம் செய்கிறாய்?

அவள் கார்டையே நினைத்துக்கொண்டிருந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தவறான பாட்டை வாசித்துவிட்டேன். சபையார் கல்யாணப் பாட்டுக்கு எழுந்து நின்றார்கள்.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.
மெர்ல்

---

வயல்லா
17 பிப்ரவரி 1999

அக்கா,

டேப் வந்துருச்சு. ஷெரில் முதல் டேப்பை எனக்குன்னு எடுத்து வச்சிருந்தா. வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டேன். அந்தச் சின்னக் கண்ணாடி வழியா உள்ள சக்கரம் சுத்தறது தெரிஞ்சது. ஸ்பீக்கர் மேல கையை வச்சேன். தாடையை வச்சேன். அதிருது. அவ்வளவுதான். லாரி போனாலும் அப்படித்தான் அதிரும். பாட்டு எது, லாரி எது?

ரெண்டு பக்கமும் தீர்ற வரைக்கும் உக்காந்து சக்கரத்தையே பாத்தேன். பதினாறு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்.

டேப்பை இதோட வச்சு அனுப்பிட்டேன். நீயே வச்சுக்க. இங்க இனிமே எனக்கு ஒண்ணும் தேவைப்படாது. கேக் நல்லாருந்துச்சு.

உடம்பைப் பாத்துக்க.
நெவ்

---

லான்செஸ்டன்
2 மார்ச் 1999

அன்பு நெவ்,

சுகம். நீயும் சுகமாக இருந்தே தீர வேண்டும்.

'ஒண்ணும் தேவைப்படாது' என்ற வரியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதைப் பற்றி நேரில் உன்னைக் காய்ச்சுவேன். இப்போது வேறு விஷயம். என் வீட்டில் டேப் போடும் கருவி இல்லை. ஆலயக் கூடத்தில் பிள்ளைகளின் பாட்டைப் பதிவு செய்ய வாங்கிய பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று உண்டு. வியாழக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உன் பெலிக்கன்களைப் போட்டேன்.

முதல் பாட்டு: தகரக் கூரையை ரோட்டில் இழுத்துக்கொண்டு போவது போல ஆரம்பிக்கிறது. நிறுத்தலாம் என்று கையை நீட்டினேன். அப்போது அடியில் ஒரு தடித்த கிட்டார், அவசரமே இல்லாத மாடு மாதிரி, நிதானமாக நடந்து வந்தது. இழுபடும் தகரம் அந்த மாட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது, மாடு கண்டுகொள்வதே இல்லை. வறண்டுபோன ஏரியில் லாரி ஓட்டிப் போகிறவனைப் பற்றிய பாட்டு. எங்கே போகிறான் என்று சொல்லவில்லை.

இரண்டாவது: சவ அடக்கத்துக்கு நான் வாசிக்கும் பாட்டைப் போல மெதுவாக வருகிறது, பாதியில் யாரோ அதற்கு பியர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் போதகர் கதவைத் திறந்தார். "என்ன மெர்ல் அம்மா, பாடகர் குழுவுக்குப் புதுப் பாட்டா?" என்றார். "இல்லைங்க, தம்பிக்கு வைத்தியம்" என்றேன். "சுவர் தாங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது பாட்டையும் கேட்டுவிட்டேன். ஆனால் சொல்ல மாட்டேன். மிர்ஜானா வீட்டிலிருந்து டீசலைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டேன் என்று நீ எழுது, பிறகு சொல்கிறேன். நாய் இல்லையென்றால் பாட்டு இல்லை.

காத்திருக்கும்
மெர்ல்

---

வயல்லா
13 மார்ச் 1999

கிராதகி அக்காவுக்கு,

உன்னைச் சர்ச்சுல வச்சிருக்காங்களே, அந்தப் போதகரைச் சொல்லணும். நாய் வந்தாச்சு. மிர்ஜானா அழுதா, டீசல் அழல, நன்றி கெட்டவன். இப்ப என் காலு மேல படுத்திருக்கான். சாட்சிக்கு அவன் முடி ரெண்டு இதுல வச்சிருக்கேன். போதுமா?

அந்த மாடு வேற யாரும் இல்ல, வொம்பட்டு. பேஸ் கிட்டார் வாசிக்கிற தடியன். அவன் அப்படித்தான், பப்பே தீப்பிடிச்சாலும் அதே நடைதான் நடப்பான். நீ எழுதினதைப் படிச்சதும் சட்டுனு தெரிஞ்சுபோச்சு. படிச்சுட்டு மேஜையில விரலால தட்டிப் பாத்தேன். ரொம்ப நேரம் தட்டிக்கிட்டிருந்தேன்.

மத்ததெல்லாம் எழுது. எல்லாப் பாட்டையும் எழுது, ஒண்ணையும் விடாத. நீ புகழ்ந்து எழுத மாட்ட, அதான் நம்பறேன். பாடறவன் டார்சி குரல் எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை எழுதலையே? அதைத்தான் முதல்ல சொல்லணும்.

உன் முட்டிக்கு என் நாயோட நக்கு ஒண்ணு.
நெவ்

---

லான்செஸ்டன்
6 ஏப்ரல் 1999

அன்பு நெவ்,

சுகம். நாய் முடி பத்திரமாக வந்தது. கடிதத்தைப் பிரித்த இடம் ஆலயக் கமிட்டிக் கூட்டம்.

மூன்றாவது பாட்டு வேகமானது, நகரசபையைத் திட்டுகிறது, திட்ட வேண்டியதுதான். நான்காவதில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டே ஆலைச் சங்கு ஊதுவதற்குக் காத்திருக்கிறாள். ஆலை மூடி வெகுகாலம், அவளுக்கும் அது தெரியும். இந்தப் பாட்டில் டிரம் இல்லை, துணியை உதறும் சத்தம்தான் தாளம். இதை நான் மறுபடியும் போட்டுக் கேட்டேன். உனக்காக அல்ல. ஐந்தாவது எனக்குப் பிடிக்கவில்லை, உனக்குப் பிடிக்கும், என்னென்னவோ உடைகிற சத்தம். ஆறாவதில் கிட்டார்க்காரர் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார், பல்வலிக்காரன் போல. மற்ற எல்லாரும் அவரைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். எட்டாவது சின்னப் பாட்டு, கடலைப் பற்றியது. கடைசியில் வொம்பட் தனியாக நடந்து போகிறார், அதோடு டேப் தீர்கிறது.

இங்கே இலைகள் உதிர ஆரம்பித்துவிட்டன. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

மெர்ல்

---

வயல்லா
15 ஏப்ரல் 1999

அக்காவுக்கு,

நான் சௌக்கியம், நாய் கொழுத்துட்டான். உன் கடுதாசியைப் பட்டறை ஆளுங்க ரெண்டு பேருக்குப் படிக்கக் குடுத்தேன். துணி உதறுற இடத்துல ஒருத்தன் மூக்கைச் சிந்தினான், சளின்னான்.

நான் பள்ளிக்கூடத்தை அரைகுறையா விட்டவன்தான், ஆனா ஆறுக்கு அப்புறம் ஏழு வரும்னு தெரியும். ஏழாவது பாட்டு எங்க? டார்சி குரலைப் பத்திக் கேட்டதுக்கும் பதில் இல்ல. நீ என்னமோ மறைக்கிற. சின்ன வயசுல உனக்குப் பொய் வராது, அதனால வாயை மூடிக்குவ. இப்பவும் அதே.

எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு அக்கா. கடுதாசி எப்ப வரும், அடுத்த பாட்டு எப்படி இருக்கும்னுதான் காலையில எந்திரிக்கிறேன். பாதியை மறைச்சுக் குடுக்காத. மோசமாவே இருந்தாலும் குடு.

நெவ்

---

லான்செஸ்டன்
11 மே 1999

அன்பு நெவ்,

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ வாசலில் தபால்காரருக்காக நின்றிருப்பாய். மன்னித்துக்கொள்.

ஏழாவது பாட்டை நான் அழித்துவிட்டேன்.

அந்த டேப் ரெக்கார்டரில் பதிவு செய்வதற்குச் சிவப்புப் பட்டன் ஒன்று உண்டு. ஏழாவது பாட்டு ஓடும்போது யாரோ வரும் சத்தம் கேட்டது. நிறுத்துவதற்குப் பதிலாக அதை அழுத்திவிட்டேன். நன்றாகவே அழுத்தினேன். பிறகு போட்டுப் பார்த்தால் பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, பாதிப் பாட்டில் டார்சி ஒரு வரியை உரக்கச் சொல்கிறார், அப்படியே எல்லாம் நின்றுவிடுகிறது. வெறும் அமைதி. அதற்குள் லேசாக ஒரு நாற்காலி முனகல், ஒரு இருமல். நான் இருமியதுதான் பதிவாகியிருக்க வேண்டும். பிறகு பாட்டு மறுபடி பிடித்துக்கொள்கிறது. இங்கே கடைகளில் வேறு டேப் கேட்டு அலைந்தேன், கிடைக்கவில்லை. உன்னிடம் மிஞ்சியிருந்த ஒன்றை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

குரல் விஷயமும் சொல்லிவிடுகிறேன். குரல் போய்விட்டது, நெவ். நான்காவது பாட்டில் அவர் உயரத்தில் ஒரு சுரத்தை எட்டப் பார்க்கிறார், எட்டவில்லை. அவர்கள் அதை மறைக்கவும் இல்லை. ஒரு வயதான மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு பாடுகிறார். உன் டார்சி இருபது வருடத்துக்கு முன் இருந்தபடியே உன் தலைக்குள் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கோபித்துக்கொள். ஆனால் எழுது.
மெர்ல்

---

வயல்லா
20 மே 1999

முட்டாள் அக்காவுக்கு,

நீ எதையும் அழிக்கல. கடையில விக்கிற பாட்டு டேப்புல ஓரத்துல ஒரு துண்டு இருக்காது, ஓட்டையா இருக்கும். ஓட்டை இருந்தா சிவப்புப் பட்டன் வேலை செய்யாது. நீ குட்டிக்கரணம் போட்டாலும் அழியாது. அந்த இருமலும் உன்னுது இல்ல. டார்சியோடது.

அது நாங்க கத்தற இடம்.

உனக்குத் தெரியாது, நீ ஒரு நாளும் வந்ததில்ல. பப்புல ஒவ்வொரு ராத்திரியும் டார்சி நடுப்பாட்டுல டக்குனு நிறுத்துவான். மொத்தக் கும்பலும் அவனும் சும்மா நிப்போம். அப்புறம் எல்லாரும் ஒரே குரல்ல, "வீட்டுக்குப் போடா டார்சி!"ன்னு கத்துவோம். கத்தினாத்தான் பாடுவான். கத்தலைன்னா நாள் பூரா நிப்பான், ஒரு தடவை பியரே குடிச்சு முடிச்சான். வேற ஊர்க்காரன் புதுசா வந்தா மிரண்டுருவான், என்னடா பாடறவனைத் துரத்துறாங்கன்னு. யாரும் சொல்லிக்குடுத்ததில்ல, முன்னாடி வந்த டேப்புலயும் அதுக்கு இடம் விட்டதில்ல. இப்ப விட்டிருக்கான்.

குரல் போச்சா? நல்லதாப் போச்சு. எனக்குக் காது போச்சு, அவனுக்குக் குரல் போச்சு, யாருக்கும் நஷ்டம் இல்ல. இதுக்கா ஒரு மாசம் மூடி வச்ச?

ஆனா அக்கா, ராத்திரி தூக்கம் வரல. ஏதோ ஒரு ரூம்ல அவன் மைக் முன்னாடி நிறுத்திட்டு நின்னிருக்கான். யாரும் கத்தல. நாற்காலிதான் முனகுது. எங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் செத்துட்டாங்க, மீதிப் பேர் என்னை மாதிரி. டேப்பை நீ திருப்பி அனுப்பினாலும் எப்ப நிறுத்துறான்னு எனக்குத் தெரியாது. சக்கரம் அப்பவும் சுத்திக்கிட்டேதான் இருக்கும். தப்பான இடத்துல கத்துவேன்.

நீ கத்து. உனக்கு அவனைப் பிடிக்காது, தெரியும். எனக்காக ஒரு தடவை. அவனை அங்க தனியா நிக்க வைக்காத.

நெவ்

---

லான்செஸ்டன்
4 ஜூன் 1999

அன்பு நெவ்,

சுகம். தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. காரணம் கீழே.

நேற்று கூடத்துக்குப் போனேன். கதவைச் சாத்தினேன், ஜன்னலையும் சாத்தினேன். ஏழாவது பாட்டைப் போட்டேன். நிறுத்தம் வந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எழுபத்தொரு வயது வரை நான் யாரையும் 'டா' போட்டுக் கத்தியதில்லை, உன்னைத் தவிர. பாட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. மறுபடி சுற்றிப் போட்டேன். இந்த முறை சீக்கிரம் கத்திவிட்டேன், டார்சி வரியை முடிப்பதற்குள். உனக்கு மட்டுமல்ல, காது நன்றாக இருப்பவர்களுக்கும் அது சுலபம் இல்லை.

பிறகு ஆர்கனுக்குச் செய்வது போல எழுந்து நேராக நின்று, காலால் தாளம் எண்ணினேன். வொம்பட் நடந்து வந்தார். டார்சி அந்த வரியை மூச்சைப் பிடித்துச் சொன்னார். எல்லாம் நின்றது. நான் உன்னை நினைத்துக்கொண்டு, வயல்லாவில் உனக்கே கேட்கும்படி கத்தினேன்.

"வீட்டுக்குப் போடா டார்சி!"

கதவு திறந்தது. போதகர், பின்னால் தையல் வகுப்புப் பெண்கள் நாலைந்து பேர். "யாரும்மா டார்சி? என்ன பண்ணினான்?" என்றார். நான் விரலை உதட்டில் வைத்து அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன், ஏனென்றால் அப்போதுதான் அது வந்தது. அந்த இருமல். நான் கத்தியதற்குப் பதில் போல, பாட்டின் அடுத்த சொல்லுக்குச் சற்று முன்னால்.

அது இருமல் இல்லை, நெவ். அவர் சிரிக்கிறார். சிரித்துவிட்டுத்தான் மறுபடி பாடுகிறார்.

உன் அக்கா
மெர்ல்